13 இலக்க எண்ணைக் கையாலேயே பிரித்துப் பார்ப்பது எப்படி? 6746328388800-ஐ வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. திண்ணை வைத்த சின்ன வீடு. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை வாங்கிப் பராமரித்து வருகிறது. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். வருகிறவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் 1729 பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. 1729 நல்ல எண்தான், ஆனால் அது நண்பர் வந்த டாக்சியின் எண் என்று பேச்சுவாக்கில் வந்தது. அவர் உட்கார்ந்து, கணக்குப் போட்டு, அட்டவணை கட்டி, அதன் கடைசி வரியில் நிறுத்திய எண் ஒன்று இருக்கிறது:

6746328388800

1915-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் இருக்கிறது இந்த எண். இதைத்தான் இங்கே நாம் பிரித்துப் போடப் போகிறோம். எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும். ஒரு தாள், ஒரு பேனா, அரை மணி நேரம். கைபேசியை ஓரமாக வையுங்கள், கடைசியில் சரிபார்க்க எடுத்துக்கொள்ளலாம்.

அரசலாற்றங்கரை ஊர் ஒன்றில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த எண்ணைப் பலகையில் எழுதினால் உடனே வரும் கேள்வி, "சார், இதெல்லாம் கால்குலேட்டர்ல போட்டா வந்துடாதா?" வரும். ஆனால் விடை வருவதும் எண் பிடிபடுவதும் ஒன்றல்ல. இன்னொன்று, எல்லா எண்ணுக்கும் கால்குலேட்டரை நம்ப முடியாது. எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க அட்டை எண்ணை அதில் சாதாரணமாக அடித்துப் பாருங்கள், கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும்.

முதலில் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்

சிரிக்காதீர்கள். பெரிய எண்ணில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த இடத்தில்தான் நடக்கிறது. நம் ஊர் முறைப்படி காற்புள்ளி வைத்தால் 67,46,32,83,88,800. வாசித்தால் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. பட்ஜெட் செய்தியில் வரும் லட்சம் கோடி அளவு.

போன வருஷம் நானே பலகையில் 6746328338800 என்று எழுதிவிட்டேன். நடுவில் ஓர் 8-க்குப் பதில் 3. அதை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பிள்ளைகளை அலைய விட்டேன். கடைசியில் முன் வரிசையில் இருந்த பெண்தான் பிடித்தாள். இலக்கங்களைக் கூட்டினால் 58 வருகிறது, சரியான எண்ணில் 63 வரவேண்டும். 63 ஒன்பதால் வகுபடும், 58 வகுபடாது. இந்தச் சின்னச் சோதனையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எழுதியவுடன் இலக்கங்களைக் கூட்டி ஓரத்தில் குறித்து வையுங்கள்: 6+7+4+6+3+2+8+3+8+8+8+0+0 = 63.

வாலிலிருந்து ஆரம்பம்

பெரிய எண்ணைப் பார்த்ததும் தலையிலிருந்து வகுக்கத் தொடங்குவது வேண்டாத வேலை. வாலைப் பாருங்கள். கடைசியில் இரண்டு பூஜ்யம். அப்படியானால் 100 ஒரு காரணி. 100 என்பது 2 × 2 × 5 × 5. ஆக ஒரே பார்வையில் இரண்டு 2-ம் இரண்டு 5-ம் கிடைத்துவிட்டன.

மிச்சம் 67463283888. இது 8-இல் முடிகிறது, 0-மில்லை 5-மில்லை. எனவே 5-இன் கதை இங்கே முடிந்தது. 2 இன்னும் இருக்கிறது, எத்தனை என்றுதான் பார்க்க வேண்டும். கடைசி நான்கு இலக்கம் மட்டும் போதும்: 3888. இது 16-ஆல் வகுபடுமா? 16 × 243 = 3888. வகுபடும். 10000 என்பதே 16-இன் மடங்கு, அதனால் அதற்கு மேலே உள்ள இலக்கங்கள் எதுவானாலும் கவலையில்லை. சரி, 32? இப்போது கடைசி ஐந்து இலக்கம்: 83888. இதைப் பாதியாக்கிக்கொண்டே வந்தால் 41944, 20972, 10486, 5243. நான்கு முறையில் ஒற்றைப்படை எண் வந்துவிட்டது. ஐந்தாவது பாதி கிடையாது.

இப்போது முழு எண்ணையே நான்கு முறை பாதியாக்குவோம்:

67463283888
33731641944
16865820972
8432910486
4216455243

முன்னால் இரண்டு, இப்போது நான்கு, மொத்தம் ஆறு 2. கணக்கு இதுவரை 2⁶ × 5² × 4216455243.

ஒன்பதுக்கு மேல் ஒன்பது

4216455243-இன் இலக்கங்களைக் கூட்டுங்கள். 36. ஒன்பதால் வகுபடும். வகுத்தால் 468495027. மறுபடியும் கூட்டுங்கள். 45. மறுபடியும் ஒன்பதால் வகுபடும். வகுத்தால் 52055003. இதன் கூட்டுத்தொகை 20. இது 3-ஆல்கூட வகுபடாது, ஆக நிறுத்தலாம்.

இரண்டு 9 என்றால் நான்கு 3. பள்ளியில் "இலக்கக் கூட்டுத்தொகை 9-ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும்" என்று மனப்பாடம் செய்திருப்போம், ஏன் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1 (9, 99, 999 எல்லாம் 9-இன் மடங்குதானே). எனவே ஆயிரம் இடத்தில் 5 இருந்தாலும் ஒன்றாம் இடத்தில் 5 இருந்தாலும் 9-இன் கண்ணுக்கு இரண்டும் வெறும் 5. அவ்வளவுதான் விஷயம். இது புரிந்தால் அடுத்த படி தானாகப் புரியும்.

ஒரே வீச்சில் 7, 11, 13

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 7-க்குச் சோதனை கிடையாது, வகுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. அதுவும் 7, 11, 13 மூன்றுக்கும் சேர்த்து ஒரே சோதனை.

7 × 11 × 13 = 1001. ஆகவே 1000 என்பது 1001-க்கு ஒன்று குறைவு. 9-க்கு 10 எப்படி "ஒன்று கூட" என்று இருந்ததோ, 1001-க்கு 1000 "ஒன்று குறைய". எனவே எண்ணை வலது பக்கமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, ஒன்றைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, அதற்கடுத்ததைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வருவது 7-ஆல் வகுபட்டால் எண்ணும் 7-ஆல் வகுபடும். 11-க்கும் 13-க்கும் அதே கதை.

ஒரு எச்சரிக்கை. நம் லட்சம் கோடி காற்புள்ளியை இங்கே நம்பாதீர்கள். அது மூன்றுக்கு அப்புறம் இரண்டிரண்டாகப் போகும். இங்கே எல்லாமே மூன்று. 52055003-ஐ நம் வழக்கப்படி எழுதினால் 5,20,55,003. இந்தச் சோதனைக்கு வெட்டும்போது 52 | 055 | 003.

இப்போது கணக்கு: 3 − 55 + 52 = 0.

பூஜ்யம்! 7, 11, 13 மூன்றாலும் வகுபடும். அதாவது 1001-ஆலேயே வகுபடும். முதல் தடவை இதைப் போட்டுப் பார்த்தபோது நான் எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வகுத்தால் 52003. சரிபார்ப்பதும் சுலபம்: 52003000 + 52003 = 52055003.

விட்டுவிடாதீர்கள், மீண்டும் அதே சோதனை. 52 | 003. 3 − 52 = −49. குறையெண் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. 49 என்பது 7-ஆல் வகுபடும், 11-ஆலும் 13-ஆலும் வகுபடாது. ஆக இன்னொரு 7 மட்டும் இருக்கிறது. 52003 ÷ 7 = 7429. மூன்றாவது முறை: 429 − 7 = 422. இது மூன்றாலும் வகுபடாது. 7 இரண்டு, 11 ஒன்று, 13 ஒன்று.

மிச்சமிருக்கும் 7429

13 இலக்கத்தில் தொடங்கி நான்கு இலக்கத்துக்கு வந்துவிட்டோம். அடுத்த பகா எண் 17. சோதனை: கடைசி இலக்கத்தை 5-ஆல் பெருக்கி மீதியுள்ள எண்ணிலிருந்து கழியுங்கள். 742 − 45 = 697. மறுபடியும் 69 − 35 = 34. இது 17 × 2. வகுபடும். 7429 ÷ 17 = 437. (ஏன் 5? 51 என்பது 17-இன் மடங்கு, அதிலிருந்து வருகிறது.)

19-க்கு கடைசி இலக்கத்தை 2-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 43 + 14 = 57 = 19 × 3. வகுபடும். 437 ÷ 19 = 23. முடிந்தது. 437-க்கு இன்னொரு குறுக்குவழியும் உண்டு. அது 441-க்கு 4 குறைவு, அதாவது 21² − 2². ஆக (21 − 2) × (21 + 2) = 19 × 23.

எல்லாவற்றையும் சேர்த்தால்:

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

இப்போது கைபேசியை எடுத்துத் திருப்பிப் பெருக்கிப் பாருங்கள். 64 × 81 = 5184. அதை 25-ஆல் பெருக்க 129600. 49-ஆல் பெருக்க 6350400. அப்புறம் 11, 13, 17, 19, 23. அதே எண் வந்து நிற்கும்.

ஒன்று கவனித்தீர்களா? 2 முதல் 23 வரை ஒரு பகா எண்கூட விட்டுப்போகவில்லை. அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று இறங்குமுகமாகவே வருகின்றன, எங்கேயும் ஏறவில்லை. இது தற்செயல் இல்லை. கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருவோம்.

எத்தனை காரணிகள்? மதகுக் கணக்கு

இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் எத்தனை? ஒவ்வொன்றாக எழுதினால் நோட்டுப் புத்தகம் போதாது. எழுத வேண்டியதும் இல்லை.

டெல்டாக்காரர்களுக்கு இதை மதகை வைத்துச் சொல்லிவிடலாம். வாய்க்கால் தலைப்பில் ஒன்பது மதகு வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மதகில் ஆறு பலகை, இரண்டாவதில் நான்கு, அடுத்த இரண்டில் இரண்டிரண்டு, மிச்சம் ஐந்தில் ஒவ்வொன்று. தண்ணீர் விடும்போது ஒவ்வொரு மதகிலும் எத்தனை பலகையை எடுப்பது என்பது நம் இஷ்டம். எத்தனை விதமாகத் திறக்கலாம்?

முதல் மதகுக்கு ஆறு விதம் என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். ஏழு. ஒரு பலகையும் எடுக்காமல் விடுவதும் ஒரு விதம்தானே. இந்தப் பூஜ்யத்தை மறப்பதுதான் இந்தக் கணக்கில் ஆகப் பெரிய வழுக்கல். ஆக 7 விதம், 5 விதம், 3, 3, பிறகு ஐந்து மதகுக்கும் 2, 2, 2, 2, 2. ஒரு மதகில் செய்வது இன்னொன்றைப் பாதிக்காது, ஆகவே பெருக்க வேண்டும்:

7 × 5 × 3 × 3 × 32 = 10080

மதகு என்பது பகா எண். எடுத்த பலகை என்பது அடுக்கு. ஒவ்வொரு திறப்பும் ஒரு காரணி. எல்லா மதகும் மூடியிருந்தால் அது 1. எல்லாம் திறந்திருந்தால் நம் எண் முழுதாக வரும். மொத்தம் 10080 காரணிகள்.

இது அதிகமா குறைவா என்று எப்படித் தெரியும்? 1-இலிருந்து நம் எண் வரைக்கும் உள்ள எல்லா எண்களையும் எடுத்து, ஆளுக்கு எத்தனை காரணி என்று சராசரி போட்டால் ஏறத்தாழ 30 வரும். (ஒரு எண் வரையிலான சராசரி, அந்த எண்ணின் இயல் மடக்கையை ஒட்டியே வரும் என்று டிரிக்லே என்ற ஜெர்மானியர் காட்டினார்.) ஊரில் எல்லோருக்கும் சராசரியாக 30 குழி நிலம் இருக்கும்போது ஒருவரிடம் மட்டும் நூறு மாவுக்கு மேல் இருக்கிற மாதிரி. ஒரு மாவுக்கு 100 குழி என்று தெரியாத டவுன்காரர்கள் பக்கத்தில் யாரையாவது கேட்டுக்கொள்ளவும்.

காரணி தெரிந்துவிட்டால் கூடவே வருபவை

முழு வர்க்கமா? இல்லை. 11 முதல் 23 வரை ஐந்து பகா எண்கள் ஒற்றையாக நிற்கின்றன, ஜோடி இல்லை. முழு வர்க்கமாக்க வேண்டுமானால் அவற்றின் பெருக்கல் பலனான 1062347-ஆல் பெருக்க வேண்டும்.

காரணிகளின் கூட்டுத்தொகை? ஒவ்வொரு மதகிலும் தனித்தனியாகக் கூட்டிப் பெருக்கினால் போதும். 2-க்கு 1+2+4+8+16+32+64 = 127. 3-க்கு 121. 5-க்கு 31. 7-க்கு 57. மற்றவற்றுக்கு 12, 14, 18, 20, 24. எல்லாவற்றையும் பெருக்கினால் 39413832353280. இது நம் எண்ணைப் போல ஏறக்குறைய 5.84 மடங்கு. இந்த மடங்கு சரியாக 2-ஆக இருந்தால் அது செவ்விய எண், 6, 28 போல. 2-ஐத் தாண்டினால் மிகை எண். நம் எண் மிகையிலும் மிகை.

காரணிகள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்கினால்? ஒவ்வொரு காரணிக்கும் ஒரு ஜோடி உண்டு, ஜோடியைப் பெருக்கினால் நம் எண்ணே வரும். 10080 காரணி, 5040 ஜோடி. ஆக விடை நம் எண்ணின் 5040-ஆவது அடுக்கு. அறுபத்து நாலாயிரத்துச் சொச்சம் இலக்கம் உள்ள எண். எழுத வேண்டாம்.

ராமானுஜனுக்கு இது எதற்கு?

நம் பக்கத்துப் பழைய நெல் அளவைப் பாருங்கள். 8 நாழி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நெல்லை "ஆடவல்லான்" என்ற பெயருடைய மரக்காலால் அளந்ததாக வருகிறது. குறுணிக்கும் மரக்காலுக்கும் ஒரே அளவு, கலத்துக்கு 12. ஏன் 10 இல்லை, 12? பத்தை இரண்டாகவும் ஐந்தாகவும்தான் பங்கு போட முடியும். பன்னிரண்டை 2, 3, 4, 6 என்று நான்கு விதமாகப் போடலாம். களத்து மேட்டில் நின்று வாரம் (விளைச்சலில் பங்கு) பிரிக்கிறவனுக்கு அதுதான் வேண்டும்.

12-க்கு 6 காரணிகள். 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 6 காரணி கிடையாது. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் தோற்கடிக்கும் இப்படிப்பட்ட எண்ணை மிகு பகு எண் என்று சொல்லிக்கொள்ளலாம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று வரிசை போகிறது. மணிக்கு 60 நிமிஷம், வட்டத்துக்கு 360 பாகை எல்லாம் இந்த வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்.

1914-இல் கப்பலேறி கேம்பிரிட்ஜுக்குப் போன ராமானுஜன், அடுத்த வருஷமே லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இந்த எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு 27 வயது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வில் தேறாமல் போனவருக்கு, 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது இந்த ஆய்வுக்காகத்தான். போர்க்காலத்தில் கழகத்துக்குப் பண நெருக்கடி, கட்டுரையின் பின்பகுதி அச்சேறவே இல்லை. 1997-இல்தான் அது குறிப்புகளோடு வெளிவந்தது.

அவர் நிறுவியவற்றில் சிலதை நாமே ஊகிக்கலாம். நம் எண்ணில் 23-ஐ எடுத்துவிட்டு 29-ஐப் போட்டால் என்ன ஆகும்? காரணி எண்ணிக்கை அதே 10080, ஆனால் எண் பெரிதாகிவிடும். வீண். எனவே நடுவில் ஒரு பகா எண்ணையும் தாண்டக் கூடாது. 2-க்கு நான்கு, 3-க்கு ஆறு என்று அடுக்கை மாற்றினால்? மறுபடியும் எண்ணிக்கை அதேதான், எண்தான் பெரிதாகிறது. எனவே அடுக்குகள் இறங்கியே வர வேண்டும். முன்னே கவனித்த இரண்டு விஷயமும் இப்போது விளங்கியிருக்கும்.

இறங்கி வந்தால் மட்டும் போதாது, எவ்வளவு இறங்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். ஒரு 3-ஐ எடுத்துவிட்டு ஒரு 2-ஐப் போட்டுப் பார்க்கலாம். எண் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும்: 4497552259200. காரணிகள் 8 × 4 × 3 × 3 × 32 = 9216. எண் குறைந்தது, ஆனால் எண்ணிக்கையும் 864 குறைந்துவிட்டது. இப்படி எந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தாலும், நம் எண்ணைவிடச் சிறிதாக இருந்துகொண்டு 10080-ஐ எட்டும் எண் ஒன்றும் கிடைக்காது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1-தான், 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டுமே விதிவிலக்கு என்பதையும் அவர் நிறுவினார்.

அந்தக் கட்டுரையில் 102 எண்கள் கொண்ட அட்டவணை இருக்கிறது. கடைசி எண்தான் நாம் இவ்வளவு நேரம் பிரித்துக்கொண்டிருந்தது. கணினி கிடையாது, கால்குலேட்டர் கிடையாது. பதின்மூன்று இலக்கம் வரை ஒவ்வொன்றாக வடிகட்டி எடுத்திருக்கிறார். அதில் ஒரே ஒரு எண் விட்டுப்போயிற்று. எது என்று தெரிய வேண்டுமானால் நம் எண்ணை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். 293318625600. காரணிகள் 7 × 5 × 3 × 3 × 16 = 5040. அட்டவணையில் இருக்க வேண்டிய எண், இல்லை. கடைசி வரியில் அதன் 23 மடங்கு இருக்கிறது.

இதைச் சொன்னதும் ஒரு பையன், "அவருக்கும் தப்பு வருமா சார்?" என்று கேட்டான். 102-க்கு ஒன்று என்றேன். அன்றைக்கு அவன் போட்ட பத்துக் கணக்கில் நான்கு தப்பு. அதை நான் சொல்லவில்லை.

இன்னொரு வேடிக்கை. 5040-உம் 10080-உம் அதே அட்டவணையில் இருக்கும் மிகு பகு எண்கள். காரணிகளை எண்ணி வந்த விடைக்கே அந்த ஊரில்தான் வீடு.

இளகாத எண் வந்தால்

நல்ல எண்ணாகப் பார்த்து எடுத்துக்கொண்டு விளையாடிவிட்டோம். உங்கள் கைபேசி எண்ணை எடுத்து இதே வரிசையில் செய்து பாருங்கள்: வால், இலக்கக் கூட்டு, 1001. எதேச்சையாக நூறு எண் எடுத்தால் அதில் சுமார் 19 எண்கள் 2, 3, 5, 7, 11, 13 எதற்குமே இடம் கொடுக்காது. பத்து இலக்க எண்களில் ஏறக்குறைய 22-க்கு ஒன்று பகா எண்ணாகவே இருக்கும். அதை உறுதி செய்ய ஒரு லட்சம் வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை 9592. கையால் ஆகாது.

ஆனால் எண் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் சில நேரம் வழி கிடைக்கும். 4294967297 என்ற பத்து இலக்க எண் அதற்கு உதாரணம். இது 2³² + 1. இது பகா எண்ணாக இருக்கும் என்று ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதர் நினைத்தார். நம் சோதனை எதிலும் இது சிக்காது. வரிசையாக வகுத்துக்கொண்டு போனால் 115 பகா எண்கள் கையை விரிக்கும்.

1732-இல் ஆய்லர் என்ற சுவிஸ் கணிதர் இதை உடைத்தார். இந்த வகை எண்ணுக்குக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க முடியும் என்பது அவர் பிடித்த பிடி. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே கதவு திறந்துவிட்டது.

641 வகுக்கும் என்பதை வகுக்காமலே காட்டலாம். 641 = 5 × 128 + 1. அதாவது 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் "ஒன்று குறைய", 1001-க்கு ஆயிரம் போல. அதை நான்கு முறை பெருக்கினால் குறை நிறையாகிவிடும்: 5⁴ × 2²⁸ "ஒன்று கூட". இன்னொரு பக்கம் 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போட்டுக்கொள்ளலாம். போட்டால் −2³² "ஒன்று கூட", அப்படியானால் 2³² "ஒன்று குறைய". அதோடு 1 கூட்டினால் மீதி பூஜ்யம்.

வகுத்தால் வரும் 6700417-உம் பகா எண்தான். பத்து இலக்க எண்ணுக்கு மொத்தமே நான்கு காரணி: 1, 641, 6700417, அப்புறம் அதுவே. இரண்டே மதகு, ஆளுக்கு ஒரு பலகை.